விரலால் படிக்க வேண்டிய படலம்: பெரிட்டோனியப் பயிற்சி மாதிரி ஒன்றின் மதிப்புரை

உடற்கூறியலில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் எது என்று என்னைக் கேட்டால், மூளையையோ கழுத்தையோ நான் சொல்வதில்லை. வயிற்றறையின் உட்சுவரை மூடி, அங்கிருந்து மடிந்து எழுந்து உறுப்புகளைச் சுற்றி, அவற்றைப் பின்சுவரோடு பிணைத்துத் தாங்குகிற பெரிட்டோனியம் என்னும் மெல்லிய படலத்தைத்தான் சொல்வேன். பெயர்களை மனப்பாடம் செய்தவர்கள்கூட, அந்தப் படலம் எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று கேட்டால் வாயடைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தட்டையான படத்தில் அது வெறும் கோடாகிவிடுகிறது. ஃபார்மலினில் ஊறிய உடலிலோ படலங்கள் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், கத்தியைக் கையில் எடுத்த சில நிமிடங்களில், எதைப் பார்க்க வேண்டுமோ அதையே மாணவர்கள் கிழித்துவிடுகிறார்கள். இந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே செய்யப்பட்ட மாதிரி ஒன்றை ஒரு கல்வியாண்டு முழுவதும் வகுப்பில் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

மாதிரி இயல்பான அளவில், மார்பெலும்பின் கீழ்நுனியிலிருந்து இடுப்புத்தளம் வரையிலான உடற்பகுதியாக இருக்கிறது. முன்சுவர் கதவுபோல் ஒருபக்கமாகத் திறக்கிறது. கல்லீரல், இரைப்பை, மண்ணீரல், கணையம், குடல், சிறுநீரகங்கள் ஆகியவை கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனவை. படலங்கள் மட்டும் ஒளி கசியும் மென்மையான சிலிகான் தாள்களாக இருக்கின்றன. தாள்களின் ஓரங்களில் பதித்த சிறு காந்தங்களால் அவை சுவரிலும் உறுப்புகளிலும் பொருந்துகின்றன. இடுப்புப் பகுதிக்கு ஆண், பெண் என இரண்டு மாற்றுத் துண்டுகள் உண்டு. இவை தவிர, கருவளர்ச்சியை விளக்குவதற்காகச் சிறிய துணைக்கருவி ஒன்றும் பெட்டியில் வருகிறது. அதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும்.

முதலில், இந்த மாதிரி எதைச் சரியாகச் செய்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிறுகுடலைத் தாங்கும் படல மடிப்பாகிய மெசென்டரியின் வேர், அதாவது அது பின்சுவரில் ஒட்டியிருக்கும் கோடு, சுமார் 15 சென்டிமீட்டர் நீளமே உடையது. இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் இடப்பக்கத்தில், முன்சிறுகுடல் முடிந்து நடுச்சிறுகுடல் தொடங்கும் வளைவில் அது ஆரம்பிக்கிறது. சாய்வாக வலப்பக்கம் இறங்கி, முன்சிறுகுடலின் மூன்றாம் பகுதியையும் பெருந்தமனியையும் கீழ்ப்பெருஞ்சிரையையும் வலது சிறுநீர்க்குழாயையும் கடந்து, வலப்புறத்தில் திரிகமும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டின் அருகே, சிறுகுடல் பெருங்குடலில் சேரும் இடத்தில் முடிகிறது. அதன் மறுவிளிம்போ ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள குடலைச் சுமக்கிறது. ஒரு சாண் அகலமேயுள்ள பட்டியில் ஆறு மீட்டர் துணியை எப்படிப் பொருத்துவது? கொசுவம் வைத்துத்தான் பொருத்த முடியும். மாதிரியைச் செய்தவர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வேரின் அருகே நெருக்கமாகவும் குடலை நோக்கி விரிந்துகொண்டே போவதாகவும் மடிப்புகளை வார்த்திருக்கிறார்கள். குடலை மூன்று மீட்டராகக் குறைத்திருப்பது உண்மைதான். இருந்தாலும் வேரை நாடாவால் அளந்தபோது 15 சென்டிமீட்டர் சரியாக வந்தது. குடல் முழுவதையும் இரு கைகளாலும் அள்ளி இடப்பக்கம் புரட்டினால், மெசென்டரியின் வலப்பக்க முகம் பாய்போல் விரிந்து வேர்க்கோடு முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. வலப்பக்கம் புரட்டினால் இடப்பக்க முகம் தெரிகிறது. அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்ததும் செய்கிற அதே அசைவை முதலாண்டு மாணவர் தம் கையால் செய்து பார்ப்பது எளிய செய்தி அல்ல.

இதைவிட எனக்கு மிகவும் பிடித்தது, சிறிய பைக்குள் நுழையும் வழி. வயிற்றறையின் பெரும்பகுதியாகிய பெரிய பையையும், இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கும் சிறிய பையையும் இணைக்கும் ஒரே வாயில் எபிப்ளாயிக் துளை. வின்ஸ்லோவின் துளை என்றும் அதைச் சொல்வார்கள். அதன் நான்கு எல்லைகளையும் பாடமாக ஒப்பிப்பது எளிது: முன்னால், கல்லீரலிலிருந்து இரைப்பைக்கு இறங்கும் மடிப்பாகிய சிறிய ஓமென்டத்தின் கட்டற்ற வலது விளிம்பு, பின்னால் கீழ்ப்பெருஞ்சிரை, மேலே கல்லீரலின் காடேட் மடலிலிருந்து நீளும் ஒரு துண்டு, கீழே முன்சிறுகுடலின் முதல் பகுதி. ஆனால் மாதிரியில் அந்த விளிம்புக்குள் மூன்று குழாய்களை உண்மையான அமைப்பிலேயே வைத்திருக்கிறார்கள். முன்புறம் வலப்பக்கமாகப் பித்தநாளம், முன்புறம் இடப்பக்கமாகக் கல்லீரல் தமனி, இரண்டுக்கும் பின்னால் வாயிற்சிரை. ஒருநாள் மாணவி ஒருத்தி இடது சுட்டுவிரலைத் துளைக்குள் நுழைத்து, பெருவிரலை முன்னால் வைத்து அந்த விளிம்பை மெல்லக் கிள்ளிப் பிடித்தாள். "மேடம், விரலுக்கு முன்னாலும் ஒரு பெரிய சிரை, பின்னாலும் ஒரு பெரிய சிரை; நடுவில் என் விரல்," என்றாள். வாயிற்சிரைக்கும் கீழ்ப்பெருஞ்சிரைக்கும் இடையில்தான் அந்த விரல் இருக்கிறது என்பதை நான் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எந்த மாணவரும் அதை அப்படி எனக்குத் திருப்பிச் சொன்னதில்லை. கல்லீரல் காயத்தில் பெருகும் இரத்தத்தை நிறுத்த, 1908இல் பிரிங்கிள் என்ற அறுவை மருத்துவர் விவரித்த உத்தி இதே பிடிதான் என்று அப்போது சொன்னபோது, அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தத் துளையின் அளவு மட்டும் தவறு. உண்மையில் அது ஒன்றிரண்டு விரல்கள் நுழையும் குறுகிய பிளவு. மாதிரியிலோ முழுக் கையும் போய்விடுகிறது. கற்பிக்க வசதியாக இருக்கட்டும் என்று பெரிதாக்கியிருப்பார்கள். ஆனால் குடலின் ஒரு வளையம் அந்தப் பிளவுக்குள் புகுந்து நெரிபடும்போது ஏன் அவ்வளவு ஆபத்து என்பதை இந்த அகன்ற துளையைக் காட்டி விளக்க முடியாது.

கல்லீரலைப் பொறுத்தவரை மாதிரி கவனமாகச் செய்யப்பட்டிருக்கிறது. முன்சுவரிலிருந்து கல்லீரலுக்கு அரிவாள் வடிவில் இறங்கும் ஃபால்சிஃபார்ம் மடிப்பும், அதன் கீழ்விளிம்பில் கயிறாக ஓடும் வட்ட லிகமென்டும் தெளிவாக இருக்கின்றன. அந்தக் கயிறு பிறப்புக்கு முன் தாயின் நச்சுக்கொடியிலிருந்து இரத்தம் கொண்டுவந்த இடது தொப்புள் சிரையின் மிச்சம். இங்கே லிகமென்ட் என்ற சொல்லைக் கேட்டு எலும்புகளை இணைக்கும் வலுவான நார்களை நினைத்துக்கொள்ளும் மாணவர்கள் பலர்; வயிற்றறையில் அந்தப் பெயர் பெரும்பாலும் இரண்டடுக்குப் படல மடிப்பையே குறிக்கிறது என்பதைச் சிலிகான் தாளைத் தொட்டதுமே அவர்கள் உணர்ந்துவிடுகிறார்கள். கல்லீரலின் பின்மேற்புறத்தில், படலம் மூடாமல் உதரவிதானத்தோடு நேரடியாகப் படிந்திருக்கும் பகுதியைச் சொரசொரப்பாக வார்த்திருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் வழுக்கிச் செல்லும் விரல் அங்கே வந்ததும் தட்டுப்பட்டு நிற்கிறது. பெரிட்டோனியம் என்பது எது, எது இல்லை என்பதை இவ்வளவு சுருக்கமாகக் கற்பிக்கும் வழி எனக்குத் தெரியவில்லை.

பெண் இடுப்புத் துண்டிலும் அதே அக்கறை தெரிகிறது. ஆணின் பெரிட்டோனிய இடைவெளி முற்றிலும் மூடிய பை. பெண்ணிடமோ கருக்குழாய்களின் விரல்போன்ற முனைகள் அதற்குள் திறப்பதால், வெளியுலகத்தோடு அதற்கு ஒரு வழி உண்டு. மாதிரியில் மெல்லிய கம்பியொன்றைக் கருப்பையின் உட்புறத்திலிருந்து செலுத்தினால், அது கருக்குழாயின் முனை வழியாக வயிற்றறைக்குள் தலைகாட்டுகிறது. இடுப்பில் ஏறிய தொற்று வயிற்றறைக்குள் பரவுவதும், கருமுட்டை கருக்குழாய்க்குள் செல்லும் முன் கணநேரம் அந்த இடைவெளியைக் கடக்க வேண்டியிருப்பதும் அந்தக் கம்பியின் நுனியிலேயே விளங்கிவிடுகின்றன.

இனி குறைகளுக்கு வருகிறேன். இவற்றில் முதலாவது, பார்ப்பதற்கு அழகாக இருக்கிற ஒன்று. சுவரை ஒட்டிய படலத்தை நீலமாகவும், உறுப்புகளையும் மடிப்புகளையும் மூடும் படலத்தை இளமஞ்சளாகவும் செய்திருக்கிறார்கள். இரண்டு நிறங்களும் மெசென்டரியின் வேரில் கத்தரித்ததுபோல் சந்திக்கின்றன. விளைவு, வகுப்பில் பாதிப்பேர் சுவருக்கு ஒன்றும் உறுப்புகளுக்கு ஒன்றுமாக இரண்டு படலங்கள் தனித்தனியே இருந்து, அங்கே தைக்கப்பட்டிருப்பதாக எண்ணிக்கொண்டார்கள். உண்மையில் அது ஒரே படலம். தட்டையான செல்களின் ஒற்றை அடுக்கும் அதன் கீழே மெல்லிய இணைப்புத் திசுவும் கொண்டது. தோலின் பரப்புக்கு ஏறத்தாழ ஈடான பரப்புடையது. எங்கும் அறுபடாமல் சுவரிலிருந்து உறுப்புக்கும் உறுப்பிலிருந்து சுவருக்கும் ஓடிக்கொண்டே இருப்பது.

ஆனால் அந்த நிறப்பிரிவை அடியோடு தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை. வலியைப் பற்றிப் பேசும்போது அது கைகொடுக்கிறது. சுவரை ஒட்டிய பகுதிக்கு, அதன் மேலுள்ள தோலுக்கும் தசைக்கும் செல்கிற அதே நரம்புகள் உணர்ச்சி தருகின்றன. ஆகவே அங்கே அழற்சி வந்தால் நோயாளி விரலை வைத்து இடத்தைக் காட்டுகிறார். உறுப்பை மூடும் பகுதியின் உணர்ச்சி தன்னியக்க நரம்புகளின் வழியே செல்வதால், அங்கே எழும் வலி மந்தமாக, நடுக்கோட்டை ஒட்டி, இன்ன இடம் என்று சொல்ல முடியாததாக இருக்கிறது. குடல்வால் அழற்சி முதலில் தொப்புளைச் சுற்றி வலித்து, சில மணி நேரம் கழித்து வலது அடிவயிற்றில் நிலைகொள்வது ஏன் என்பதை, என் விரலை மஞ்சளிலிருந்து நீலத்துக்கு நகர்த்தியே காட்டினேன். உதரவிதானத்தின் நடுப்பகுதியின் கீழ்ப்புறம், தோளுக்கு உணர்ச்சி தரும் அதே கழுத்து நரம்புவேர்களிலிருந்து வரும் ஃப்ரெனிக் நரம்பின் ஆட்சியில் இருப்பதால், அங்கே இரத்தமோ சீழோ படிந்தால் தோள்பட்டை வலிக்கிறது. அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு நீலச்சாயல் தந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். நிறம் நரம்பைத்தான் குறிக்கிறது, படலத்தின் முடிவையல்ல என்று ஒரே ஒரு வரியை விளக்கக் கையேட்டில் எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் எழுந்திருக்காது.

கையேட்டைப் பற்றி எழுந்த வருத்தம் இதோடு நிற்கவில்லை. "சிறுகுடல் பெரிட்டோனியக் குழிக்குள் அமைந்துள்ளது" என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். பாடத்தின் ஆணிவேரையே வெட்டுகிற வாக்கியம் இது. பாதி ஊதிய பலூனுக்குள் கைமுட்டியை அழுத்தினால் பலூனின் சுவர் முட்டியைச் சூழ்ந்துகொள்கிறதே தவிர, முட்டி பலூனின் காற்றுக்குள் போய்விடுவதில்லை. குடலும் அப்படித்தான் படலத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்திருக்கிறது. குழிக்குள் உண்மையில் இருப்பது உறுப்புகள் வழுக்கி அசைவதற்கான சிறிதளவு திரவம் மட்டுமே. உடல்நலமுள்ளவரிடம் சுமார் 50 மில்லிலிட்டர். உறுப்புகளில், இந்தப் படலம் மூடாத சூலகத்தின் மேற்பரப்பை மட்டும் விதிவிலக்காகச் சொல்லலாம். மாதிரியிலும் இதே தவறின் நிழல் படிந்திருக்கிறது: முன்கதவைத் திறந்தால் உறுப்புகளுக்கு இடையே கை நுழையும் அளவுக்கு வெற்றிடம் தெரிகிறது. உயிருள்ள உடலில் அப்படி ஓர் இடமே கிடையாது. படலத்தின் இரண்டு முகங்களும் ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள்போல் ஒன்றையொன்று தொட்டபடியே இருக்கின்றன. சிறு துளை வழியே கருவியைச் செலுத்திப் பார்க்கும் லாப்ரோஸ்கோப்பி செய்யும்போது கரியமில வாயுவைச் செலுத்தி அந்த இடத்தை உண்டாக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பெரிய ஓமென்டம் எனக்கு ஏமாற்றமே அளித்தது. இரைப்பையின் பெரிய வளைவிலிருந்து கவசம்போல் குடலின் முன் தொங்கி, கீழே போய்த் திரும்பி மேலேறி, குறுக்குக் குடலோடு சேர்கிற இந்த மடிப்பு அடிப்படையில் நான்கு அடுக்குகளால் ஆனது. பெரியவர்களில் அவை ஒன்றாக இணைந்துவிடுகின்றன. ஆளுக்கு ஆள் அதில் சேரும் கொழுப்பு வேறுபடும். நோயெதிர்ப்புச் செல்கள் கூடும் பால்நிறப் புள்ளிகள் அதில் உண்டு. வயிற்றறையில் அழற்சி ஏற்படும் இடத்தை அது போய்ச் சூழ்ந்து ஒட்டிக்கொண்டு பரவலைத் தடுப்பதால், வயிற்றின் காவலர் என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அது தானாக நடந்து போவதில்லை. குடலின் அசைவும் உதரவிதானத்தின் ஏற்ற இறக்கமும் அதை அலைக்கழிக்கின்றன. சென்ற இடத்தில் புண் இருந்தால் அங்கே ஒட்டிக்கொள்கிறது. குழந்தைகளில் அது குட்டையாகவும் மெலிதாகவும் இருப்பதால், கிழிந்த குடல்வாலைச் சூழ்ந்து அடக்கும் வலு அவர்களுக்குக் குறைவு. இத்தனை உயிர்ப்புள்ள பகுதியை ஒரே தடிமனுள்ள வழவழப்பான சதுரத் தாளாக வெட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அடுக்குகளைப் பிரித்துக் காட்ட வழியில்லை; சிறிய பையின் கீழ்க்கிளை அவற்றுக்கிடையே எப்படி இறங்கியிருந்தது என்பதையும் காட்ட முடியவில்லை.

கணையத்திலும் ஒரு பிழை இருக்கிறது. அதை நான் சிறியதாக எண்ணவில்லை. கணையத்தின் பெரும்பகுதி படலத்துக்குப் பின்னால் சுவரோடு கிடக்கிறது என்பது சரி. ஆனால் அதன் வால்நுனி, மண்ணீரலையும் இடது சிறுநீரகத்தையும் இணைக்கும் மடிப்புக்குள் புகுந்து மண்ணீரலின் வாயிலை நெருங்குகிறது. மண்ணீரலை அகற்றும்போது அந்த மடிப்பைக் கட்டி வெட்டுகிறவர் கணைய வாலைக் காயப்படுத்திவிடக்கூடும் என்று ஒவ்வோர் ஆண்டும் எச்சரிக்கிறோம். மாதிரியில் கணையம் முழுவதும் சுவரில் பசைபோட்டு ஒட்டப்பட்டிருக்கிறது; மடிப்புக்குள் வெறும் இரத்தக்குழாய்கள் மட்டுமே ஓடுகின்றன. எச்சரிக்கையை வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. முன்சுவரின் உட்புறத்தில் தொப்புளை நோக்கி ஏறும் ஐந்து மடிப்புகளும் இருக்கின்றன, சரியாகவே இருக்கின்றன. அவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

பெருங்குடலின் மடிப்புகளில்தான் இந்த மாதிரி காலத்தால் பின்தங்கியிருக்கிறது. குறுக்குக் குடலுக்கும் நெளிகுடலுக்கும் குடல்வாலுக்கும் மடிப்புகள் உண்டு, ஏறுகுடலுக்கும் இறங்குகுடலுக்கும் இல்லை என்பது நெடுங்காலம் பாடநூல்களில் இருந்துவந்த கருத்து. 1885இல் ஆங்கில அறுவை மருத்துவர் ஃப்ரெடெரிக் ட்ரீவ்ஸ் நிகழ்த்திய உரைகள் இதற்குப் பெரும் வலுச் சேர்த்தன. ஆனால் அதற்கு முன்பே உடற்கூறியலாளர் கார்ல் டோல்ட், ஏறுகுடலுக்கும் இறங்குகுடலுக்கும் மடிப்பு இருக்கிறது, அது பின்சுவரின் மேல் படிந்து ஒட்டிக்கிடக்கிறது, இரண்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய இணைப்புத் திசு அடுக்கு உண்டு என்று காட்டியிருந்தார். அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்வின் காஃபியும் அவருடைய குழுவினரும், மெசென்டரி முன்சிறுகுடலின் முடிவிலிருந்து மலக்குடல் வரை அறுபடாமல் தொடர்கிற ஒரே அமைப்பு என்று நிறுவினார்கள். 2016இல் அதைத் தனி உறுப்பாகவே கருதலாம் என்று எழுதினார்கள். உறுப்பு என்று அழைப்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கலாம். தொடர்ச்சியைப் பற்றி எனக்கு ஐயமில்லை. அறுவை மருத்துவர்கள் ஏறுகுடலின் வெளியோரமாக ஓடும் டோல்டின் வெண்கோட்டில் வெட்டி, இரத்தம் சிந்தாத அந்த அடுக்கில் நுழைந்து, குடலையும் அதன் மடிப்பையும் ஒருசேரப் பெயர்த்து எடுப்பது அந்தத் தொடர்ச்சியை நம்பித்தான். மாதிரியில் ஏறுகுடலைப் பிடித்து இழுத்தால், காந்தம் விட்டு வெறும் குழாயாகக் கையோடு வந்துவிடுகிறது. அதன் பின்னால் மடிப்பும் இல்லை, பெயர்க்க வேண்டிய அடுக்கும் இல்லை. இன்றைக்குச் செய்து விற்கப்படும் பொருளில் இதை ஏற்றுக்கொள்வது எனக்குக் கடினமாக இருக்கிறது.

இந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டுவது, நான் முன்பு சொன்ன துணைக்கருவி. ஒரு பலகையில், நேரான ரப்பர் குழாயொன்றும் அதைப் பலகையோடு இணைக்கும் மெல்லிய துணிப்பட்டையும் இருக்கின்றன. குழாய் கருவின் ஆரம்பக் குடல். பட்டை அதன் முதுகுப்புற மெசென்டரி. பட்டையின் நடுவில் சிவப்பு நூலாக மேல் மெசென்டரித் தமனி ஓடுகிறது. ஆறாவது வாரத்தை ஒட்டி நடுக்குடல் வளைந்து தொப்புள்கொடிக்குள் வெளியேறுகிறது. பத்தாவது வாரத்தை ஒட்டி உள்ளே திரும்புகிறது. இதற்கிடையே அந்தத் தமனியை அச்சாகக் கொண்டு, முன்னிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், மொத்தம் 270 பாகை சுழல்கிறது. மாணவர் தம் கையால் குழாயை முக்கால் சுற்றுச் சுழற்றும்போது, பெருங்குடலாகப் போகும் பகுதி முன்சிறுகுடலின் முன்னால் வந்து குறுக்காக விழுகிறது. அதன் மடிப்பு பின்சுவரில் படிகிறது. முன்சிறுகுடல் ஏன் பின்னால் அமுங்கிக் கிடக்கிறது, மெசென்டரியின் வேர் ஏன் இடமிருந்து வலமாகச் சாய்ந்து இறங்குகிறது என்று நான் விளக்கத் தொடங்கும் முன்பே கண்டுகொண்டவர்கள் உண்டு. சுழற்சியைப் பாதியில் நிறுத்திப் பாருங்கள் என்றும் சொன்னேன். அப்போது வேரின் இரண்டு முனைகளும் அருகருகே வந்து, 15 சென்டிமீட்டர் அகலத்தில் ஊன்ற வேண்டிய மடிப்பு ஒரு குறுகிய காம்பில் தொங்குகிறது. விரலால் ஒருமுறை தட்டினாலே முழுக் குடலும் அந்தக் காம்பில் முறுக்கிக்கொள்ள, சிவப்பு நூல் நெரிபடுகிறது. பிறந்த சில நாள்களில் பச்சை நிறப் பித்த வாந்தியோடு வரும் குழந்தையை ஏன் ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது என்பதை அந்த நூலைக் காட்டியே சொல்லி முடித்தேன். வகுப்பு சற்று நேரம் பேசவே இல்லை.

மாதிரி முழுவதற்கும் நான் வைத்த தேர்வு ஒன்றுதான். மாணவர் கண்ணை மூடிக்கொண்டு, விரலைத் தொப்புளின் உட்புறத்தில் வைத்து, எங்கும் எடுக்காமல் படலத்தைத் தொடர்ந்து சென்று, மீண்டும் தொப்புளுக்கே வந்து சேர வேண்டும். முன்சுவரில் ஏறி, உதரவிதானத்தின் அடிப்புறத்தைத் தடவி, கல்லீரலின் மேல் வழிந்து, அதன் கீழ்முகத்திலிருந்து சிறிய ஓமென்டத்தில் இறங்கி, இரைப்பையின் முன்முகம் வழியாகப் பெரிய ஓமென்டத்துக்கு வந்து, கீழ்விளிம்பில் திரும்பி, குறுக்குக் குடலையும் அதன் மடிப்பையும் கடந்து பின்சுவரை அடைந்து, மெசென்டரியில் புறப்பட்டுச் சிறுகுடலைச் சுற்றி மறுமுகத்தில் திரும்பி, மலக்குடலின் முன்புறமாகக் கருப்பைக்குப் பின்னுள்ள பள்ளத்தில் இறங்கி, கருப்பையின் மேலேறி, சிறுநீர்ப்பையைத் தாண்டி முன்சுவரில் ஏற வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் ஒருவரும் இதைச் செய்யவில்லை. முடிவில் பெரும்பாலோர் செய்தார்கள். தடுமாறியவர்களின் விரல் நின்ற இடங்களைக் குறித்துவைத்தேன். எல்லாம் காந்தங்களின் மேடுகள். அதிலும் குறிப்பாகக் குறுக்குக் குடல் மடிப்பு பின்சுவரில் சேரும் இடம். அடுத்த பதிப்பில் காந்தங்களைத் தாளுக்குள்ளேயே புதைத்துவிட்டால், இந்த மாதிரி இப்போதிருப்பதைவிட இருமடங்கு மதிப்புப் பெறும்.

பராமரிப்பைப் பற்றி ஓரிரு சொற்கள். சிலிகான் தாள்கள் சில வாரங்களில் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன. டால்க் தூளைத் தூவச் சொல்கிறது கையேடு. தூவினால் சரியாகிவிடுகிறது. உயிருள்ள வயிற்றறையில் அதே தூள் நேர்மாறாக வேலை செய்யும்: கையுறைகளில் பூசிய தூள் படலத்தில் அழற்சியை உண்டாக்கி, குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் காரணமானது மருத்துவம் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். தூளைத் தூவும் நாளில் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது என் வழக்கமாகிவிட்டது.

கடைசியாக ஒரு குறை; இதற்கு மட்டும் நானே தீர்வு செய்துகொண்டேன். மாதிரி நின்ற நிலையில் மட்டும் வைக்கத்தக்க தாங்கியோடு வருகிறது. ஆனால் நோயாளி மல்லாந்து படுத்திருக்கும்போது வயிற்றறையில் திரவம் எங்கே தேங்குகிறது என்பதுதான் மருத்துவருக்கு வேண்டும். ஆகவே தாங்கியைக் கழற்றி மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணாடி மணிகளைப் போட்டு மெல்ல அசைத்துப் பார்த்தோம். ஏறுகுடலின் வெளியோரத்துப் பள்ளத்தில் போட்ட மணிகள் தடையின்றி மேலே உருண்டு, கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையிலுள்ள மோரிசன் பள்ளத்தில் கூடின. விபத்தில் அடிபட்டு வருபவருக்கு அல்ட்ராசவுண்ட் கருவியை அங்கே வைத்து இரத்தம் தேடுவது ஏன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இடப்பக்கப் பள்ளத்தில் போட்ட மணிகளோ மண்ணீரலின் மேல்வரைக்கும் போய்விட்டன. அது தவறு. உடலில் அந்த வழியை, பெருங்குடலின் இடது வளைவிலிருந்து உதரவிதானத்துக்குச் செல்லும் ஃப்ரெனிகோகாலிக் மடிப்பு மறிக்கிறது. மண்ணீரலின் கீழ்முனை அதன் மேல் அமர்ந்திருக்கிறது. மாதிரியில் அந்த மடிப்பே இல்லை. பழைய சிலிகான் தாளிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டை வெட்டி, அந்த இடத்தில் இரண்டு காந்தங்களை ஒட்டிப் பொருத்தினேன். இப்போது இடப்பக்கத்து மணிகள் அங்கே வந்து நிற்கின்றன.